விடத்தான் முடியலை, டீச்சர்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதைவிட நாற்பது ஆசிரியர்களுக்கு முன்னால் நிற்பது கடினம் என்பது இப்போதுதான் தெரிகிறது. 'மனித சுவாச மண்டலத்தைக் கற்பித்தல்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லித் தருவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினேழு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அதில் முதல் பத்து ஆண்டுகள் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறேன். மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

அது மார்கழி மாதம். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்கு வந்திருந்தார்கள். அப்போதுதான் வகுப்பைப் பெருக்கி முடித்திருந்தார்கள். சன்னல் ஓரம் இரண்டு பேர் டஸ்டர்களை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் விழுந்த இடத்தில் தூசி பறப்பது தெரிந்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பையன் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தான். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. அருகில் போனால் சீட்டி அடிப்பது போல ஒரு சத்தம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அறிவியல் ஆசிரியை அல்லவா, உடனே செயலில் இறங்கினேன். பெஞ்சில் படுக்க வைத்தேன். வகுப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. "நல்லா மூச்சை இழு, இன்னும் இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் எழுந்து உட்காரத் திமிறினான். தலையை ஆட்டினான். பிறகு விட்டு விட்டுச் சொன்னான்: "இழுக்க முடியுது... விடத்தான்... முடியலை, டீச்சர்."

தலைமையாசிரியர் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ள, நான் பின்னால் உட்கார்ந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெபுலைசர் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்ன அந்த வாக்கியம் என்னை விடவில்லை. உட்சுவாசத்தை ஒரு பாடவேளை முழுக்க நடத்திவிட்டு, வெளிச்சுவாசத்துக்கு "இதற்கு நேர்மாறாக நடப்பது வெளிச்சுவாசம்" என்று ஒரே வரியில் முடித்தவள் நான். ஒரு பிள்ளை அந்த ஒரு வரியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் "இழு" என்று சொல்வது மட்டும்தான்.

எது முதலில்?

இப்போது எல்லோரும் ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை மேல்வயிற்றிலும் வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். இரண்டு கைகளும் நகர்கின்றன அல்லவா? இப்போது கேள்வி. காற்று உள்ளே வந்ததால் நெஞ்சு விரிந்ததா, நெஞ்சு விரிந்ததால் காற்று உள்ளே வந்ததா?

எந்த வகுப்பில் கேட்டாலும் பெரும்பாலான பிள்ளைகள் முதல் விடையைத்தான் சொல்கிறார்கள். பலூனில் காற்று ஊதினால் பலூன் உப்புகிறது, அதுபோல நெஞ்சும் உப்புகிறது என்பது அவர்கள் கணக்கு. விடையைச் சொல்லிவிடாமல் இதைச் செய்யச் சொல்லுங்கள்: மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஒரே ஒரு நொடி மூச்சை இழுக்க முயலுங்கள். காற்று வர வழியே இல்லை. ஆனாலும் விலா எலும்புகள் உயர முயல்வதையும், உள்ளே ஒரு இழுவிசை ஏற்படுவதையும் உணர்வார்கள். அப்படியானால் காற்று நெஞ்சை விரிக்கவில்லை. நெஞ்சுதான் விரிந்து காற்றுக்கு வழிவிடுகிறது.

நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. அதன் அடியில் குடைபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும் உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது. அமைதியாக மூச்சு விடும்போது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். விலா எலும்பிடைத் தசைகள் சுருங்கி விலா எலும்புகளை மேலும் வெளியிலும் தூக்குகின்றன. உள்ளே இடம் பெரிதாகிறது, காற்றழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. ஊசியில்லாத சிரிஞ்சின் தண்டை இழுத்தால் தண்ணீர் ஏறுவதும், கொல்லர் துருத்தியை விரித்தால் காற்று நுழைவதும் இதே கணக்குதான்.

துருத்தி என்றதும் ஒரு செய்தி. 1674-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மேயோ என்ற மருத்துவர், துருத்தி ஒன்றுக்குள் சவ்வுப் பையை வைத்து இதே உண்மையை விளக்கினார். துருத்தியை விரித்தபோது உள்ளிருந்த பை தானாக உப்பியது. நாம் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, உள்ளே பலூன் தொங்கவிட்டு, அடியில் ரப்பர் தாள் கட்டிச் செய்யும் மாதிரிக்கு அதுதான் பாட்டன்.

அந்த மாதிரியை நான் ஆண்டுதோறும் செய்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் செய்து முடித்ததும், "இது எங்கெங்கே பொய் சொல்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று கேட்கிறேன். நான்கு பொய்கள் உண்டு. பாட்டில் விரியாது, ஆனால் விலாக்கூடு விரியும். பலூனுக்கும் பாட்டிலுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது, ஆனால் நுரையீரல் மெல்லிய நீர்ப்படலத்தோடு நெஞ்சுச் சுவரை ஒட்டியே இருக்கிறது. ரப்பர் தாள் தட்டையாக இருந்து கீழே இழுபடுகிறது, உதரவிதானமோ வளைந்திருந்து தட்டையாகிறது. கடைசியாக, பலூன் உள்ளே காலியாக இருக்கும் ஒரு பை. நுரையீரல் அப்படியல்ல, அது ஒரு பஞ்சு.

எவ்வளவு பெரிய பஞ்சு? மூச்சுக்குழல் இரண்டு கிளையாகிறது. அவை பிரிந்து, மீண்டும் பிரிந்து, இப்படி ஏறத்தாழ 23 முறை கிளைத்த பிறகு நுண் காற்றுப்பைகளில் முடிகின்றன. அவற்றின் எண்ணிக்கை 30 கோடிக்கும் குறையாது. அத்தனையையும் பிரித்துத் தரையில் விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். இருபதுக்கு இருபது அடி வகுப்பறைகள் இரண்டின் தரையை ஏறக்குறைய மூடிவிடலாம். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. 1661-இல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிஜி ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அந்தச் சுவரில் ஓடும் இரத்த நுண்நாளங்கள் முதன்முதலாக மனிதக் கண்ணுக்குத் தெரிந்தன.

அந்த இன்னொரு பாதி

இனி வெளிச்சுவாசம். இழுத்த ரப்பர் வளையத்தை விட்டால் என்ன ஆகும்? தானாகச் சுருங்கும். நுரையீரலும் மீள்தன்மை உடையது. உதரவிதானம் தளர்ந்ததும் விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றை வெளியே தள்ளுகிறது. அமைதியாக இருக்கும்போது இதற்கென்று எந்தத் தசையும் வேலை செய்ய வேண்டியதில்லை. ஓடும்போதும், இருமும்போதும், விசில் ஊதும்போதும்தான் வயிற்றுத் தசைகள் உதவிக்கு வருகின்றன. பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் இழுத்து விடும் காற்று அரை லிட்டர் அளவுதான். விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று தங்கியே இருக்கும்.

செலவில்லாத வேலை என்பதால்தான் நாம் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். ஆனால் இந்தச் செலவில்லாத வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்று வெளியேறும் பாதை திறந்திருக்க வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது. அந்த விரிவு உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மூச்சு நுண்குழல்களையும் சேர்த்து இழுத்துத் திறக்கிறது. விடும்போது எல்லாம் சுருங்குவதால் அந்தக் குழல்களும் கொஞ்சம் குறுகுகின்றன. நலமாக இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கோ, தூசியோ குளிர்காற்றோ பட்டதும் குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது. ஏற்கெனவே குறுகிய பாதை, மூச்சை விடும்போது இன்னும் குறுகுகிறது. இழுத்த காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே காற்று தேங்கிக்கொண்டே போகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? அந்த நிலையில் இருந்த பிள்ளையிடம்தான் "இன்னும் இழு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாம் கேட்கும் அந்தச் சீட்டிச் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது எழுவதற்கும் இதுதான் காரணம்.

இதை எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு இயற்பியலோடு சேர்த்துச் சொல்லலாம். காற்று சீராக ஓடும் ஒரு குழாயின் விட்டம் பாதியானால் தடை இரு மடங்காகும் என்று நினைப்போம். இல்லை, 16 மடங்காகும். பிள்ளைகளிடம் இளநீர் குடிக்கும் தடித்த உறிஞ்சுகுழலையும், சிறிய பழச்சாறு டப்பாவில் ஒட்டி வரும் மெல்லிய குழலையும் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் வழியாகவும் நான்கைந்து முறை மூச்சு விடச் சொல்லுங்கள். அதற்குமேல் வேண்டாம். தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். இளைப்பு உள்ள பிள்ளைகள் இதைச் செய்யவே கூடாது. மெல்லிய குழலை வாயிலிருந்து எடுத்ததும் ஒரு மாணவி சொன்னாள்: "அவனுக்கு அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சா, டீச்சர்?" அந்தக் கேள்விக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது. ஆனால் அன்று முதல் அந்த வகுப்பில் யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

மூச்சு விட நேரமில்லை

நாம் எதற்காகச் சுவாசிக்கிறோம் என்று கேட்டால் "ஆக்சிஜனுக்காக" என்று வகுப்பே கத்தும். சரிதான். ஆனால் அதுவும் பாதி விடைதான்.

மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் தாங்க முடியாமல் போகிறது. அந்தத் தவிப்பை உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவு என்று நினைக்கிறோம். முதன்மையான காரணம் இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம் அந்த அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அளவு கூடியதும் "மூச்சு விடு" என்று கட்டளையிடுகிறது. வெளியேற்ற வேண்டியதைத்தான் உடம்பு முக்கியமாகக் கணக்கு வைக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றிலும் குளத்திலும் முங்கு நீச்சல் போட்டி வைக்கிறார்கள். முங்குவதற்கு முன் வேக வேகமாகப் பலமுறை மூச்சு வாங்கி விட்டால் அதிக நேரம் தாக்குப் பிடிக்கலாம் என்று ஒரு உத்தி அவர்களிடம் இருக்கிறது. அப்படிச் செய்யும்போது இரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, ஏற்கெனவே அது ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அபாய மணி அடிக்கத் தாமதமாகிறது. மணி அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் இது நேரும். கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் எந்த வகுப்பாக இருந்தாலும் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு பாதி உண்மையும் நம் கரும்பலகையில் இருக்கிறது. "உள்ளே இழுப்பது ஆக்சிஜன், வெளியே விடுவது கார்பன் டை ஆக்சைடு." உண்மையில் உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, வெளியே வரும் காற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடு. கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 4 விழுக்காடாகிறது. நாம் வெளியே விடும் காற்றிலும் கார்பன் டை ஆக்சைடைவிட ஆக்சிஜன்தான் அதிகம். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் முதலுதவி பயன்படுவது இதனால்தான்.

அந்த 4 விழுக்காட்டைக் கண்ணால் காட்ட ஆய்வகம் தேவையில்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் மெதுவாக வடித்தெடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் சிரிஞ்சால் வெளிக்காற்றைச் செலுத்துங்கள். இன்னொன்றில் உறிஞ்சுகுழலால் ஊதுங்கள். ஊதிய நீர் விரைவில் பால்போல் ஆகிவிடும், மற்றது வெகுநேரம் தெளிவாகவே இருக்கும். குழலில் ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. அதனால் சிறு வகுப்புகளில் ஊதும் வேலையை ஆசிரியரே செய்வது நல்லது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதைவிட எளிய வேலை ஒன்று உண்டு. உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 20-ஐ ஒட்டி வரும். மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்த பிறகு மறுபடி எண்ணட்டும். பிள்ளைகளே "மூச்சு வாங்குது" என்பார்கள். வாங்கினால் விட வேண்டுமே என்று அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம். நம் மொழியைக் கவனியுங்கள். 'மூச்சு இழுக்க நேரமில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'மூச்சு விட நேரமில்லை' என்றுதான் சொல்கிறோம். பாடம் நடத்திய நான்தான் அந்த 'விட'வை விட்டுவிட்டேன்.

நாளைக்குச் செய்ய வேண்டியவை

அந்தப் பையனின் பையில் அன்று இன்ஹேலர் இருந்தது என்பது மறுநாள் அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. "பசங்க கிண்டல் பண்ணுவாங்கன்னு எடுக்க மாட்டேங்கிறான், டீச்சர். எங்க வீட்டுப் பெரியவங்களும் அது பழகிட்டா விட முடியாதுன்னு சொல்றாங்க" என்றார். இன்ஹேலர் போதைப் பழக்கம் போன்றதல்ல. மாத்திரையாக விழுங்கினால் மருந்து உடம்பு முழுக்கச் சுற்றிவர வேண்டும். இன்ஹேலரில் மிகச் சிறிய அளவு மருந்து, தேவையான குழலுக்கே நேராகப் போகிறது. இதை மருத்துவர் சொல்வதோடு நாமும் சொன்னால் பெற்றோர் நம்புகிறார்கள்.

என் வகுப்பில் நான் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பெற்றோரிடமும் "பிள்ளைக்கு இளைப்பு, வீசிங் உண்டா?" என்று தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பெருக்கும் வேலையும் டஸ்டர் தட்டும் வேலையும் தருவதில்லை. கரும்பலகையை ஈரத் துணியால் துடைக்கிறோம். பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளிக்கிறோம். ஓட முடியாமல் நிற்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவன் மூச்சைக் கவனிக்கிறேன்.

இளைப்பு வந்துவிட்டால் படுக்க வைக்கக் கூடாது. சற்று முன்புறம் சாய்ந்தபடி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். கூட்டத்தை விலக்கி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, மருத்துவர் அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த இன்ஹேலரைச் சொன்ன முறைப்படி எடுத்துக்கொள்ள உதவ வேண்டும். பதறாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பூத்தால், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினால், பிள்ளை சோர்ந்து மயங்கினால், மருந்து எடுத்தும் குறையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். சீட்டிச் சத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்றும் எண்ணாதீர்கள். பிள்ளை இன்னும் திணறிக்கொண்டிருந்தால், சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பது அதன் பொருளாக இருக்கலாம். சத்தத்தைவிடப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

அன்று அவன் அந்த வாக்கியத்தை மூன்று துண்டாகத்தான் சொன்னான். முழு வாக்கியம் பேச முடியாததே அவசரத்தின் அறிகுறி என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெஞ்சில் படுக்க வைத்து நான் வீணாக்கிய நிமிடங்கள் அவனுக்கு மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த முறை சுவாச மண்டலம் நடத்தும்போது, உட்சுவாசத்துக்குக் கொடுக்கும் நேரத்தை வெளிச்சுவாசத்துக்கும் கொடுங்கள். பாடம் முடிந்ததும் "இன்று என்ன புரிந்தது?" என்று கேட்பதோடு, "இதில் உங்களுக்கு யாருக்காவது கஷ்டம் உண்டா? அப்புறமாக வந்து என்னிடம் சொல்லலாம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் மணி அடித்த பிறகு வாசலில் தயங்கி நிற்பார். அவருக்காகக் கொஞ்சம் காத்திருங்கள்.